புண்ணும் அல்ல, நடைப்பயிற்சியும் அல்ல



இது நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் சாயந்தரம் படியுங்கள். பாதியில் விட்டுவிட்டுக் கைகூப்பும் படம் மட்டும் போட்டுப் போகாதீர்கள். முப்பது வருஷம் வீட்டுப்பாட நோட்டு திருத்தியவள் நான், யார் படித்தது, யார் படிக்காதது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் குழுவில் ஒரு வீடியோ வந்தது. முக்கால் நிமிடம்கூட இருக்காது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கடமான். அதன் கழுத்தின் அடிப்பக்கத்தில் ரோமம் இல்லாமல் வட்டமாக ஓர் இடம், சிவந்து, ஈரம் கசிந்துகொண்டு. பின்னணியில் சோகப் பாட்டு. கீழே எழுதியிருந்தது: “வாயில்லா ஜீவனுக்கு வைத்தியம் பார்க்க ஆளில்லையா? தீவனக் காசைத் தின்றவர்கள் மருந்துக் காசையும் தின்றுவிட்டார்களா?” சாயந்தரத்துக்குள் அறுபதுக்கு மேல் பதில்கள். அழும் முகங்கள், கோப முகங்கள். “அங்க வேலை பாக்கறவன அதே கூண்டுல போட்டு அடைக்கோணும்” என்று ஒருவர். அதற்கு ஒன்பது பேர் கைதட்டல். என் சொந்த அக்கா மகளும் அந்த ஒன்பதில் ஒருத்தி.

இரவு பத்து மணிக்குச் சற்று முன்பு, ஒருவர் குழுவிலிருந்து வெளியேறினார் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஏனென்றால் அந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரியும். உங்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். ஒரு விலங்குப் பூங்காவில் காப்பாளராக இருக்கிறான். எந்தப் பூங்கா என்று இங்கே எழுதப்போவதில்லை, அவன் பெயரையும் எழுதப்போவதில்லை. மறுநாள் காலையில் போன் செய்தேன். “விடுங்க டீச்சர், நான் ஒண்ணும் நெனைக்கல” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “எம் பொண்ணும் அதப் பாத்துட்டா. ஏப்பா, நீங்க மருந்து போட மாட்டீங்களான்னு கேட்டா” என்றான். அதற்கு மேல் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் ‘புண்’ணைப் பார்ப்போம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது மருத்துவராக இருக்கும் என் மாணவி ஒருத்திக்கு வீடியோவை அனுப்பினேன். பார்த்துவிட்டுச் சிரித்தாள். அது புண்ணே இல்லையாம். கடமான்களுக்குக் கழுத்தின் அடியில் அந்த இடத்தில் ரோமம் உதிர்ந்து, சிவந்து, நீர்போலக் கசியும். ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும், இனப்பெருக்கக் காலத்தில் அதிகமாகத் தெரியும். காட்டில் திரிகிற கடமானுக்கும் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு ‘சோர் ஸ்பாட்’ என்றே பெயர். அந்தப் பெயரே பார்ப்பவர்களை ஏமாற்றும் என்றாள். பிறகு அவள் சொன்ன இன்னொன்றும் முக்கியம். “அது நெஜமாவே புண்ணா இருந்தாக்கூட, மருந்து போட்டிருக்காங்களா இல்லையான்னு வேலிக்கு வெளியில நின்னு எப்படி டீச்சர் சொல்றது?”

கடமான் இருக்கட்டும். இந்த ஊர்க்காரர்கள் பூங்காவுக்குப் போய்வந்து என்னிடம் சொன்ன ‘கொடுமைகள்’ ஒரு நோட்டு நிறைய இருக்கும். புள்ளிமானின் கொம்பிலிருந்து ரத்தம் சொட்டுகிறது, தோல் கிழிந்து தொங்குகிறது, சண்டை போட விட்டுவிட்டார்கள் என்றார் ஒருவர். ஆண்மானின் கொம்பு ஒவ்வொரு முறையும் விழுந்து புதிதாக முளைக்கும்போது அதன்மேல் வெல்வெட் துணி போல ஒரு தோல் மூடியிருக்கும். உள்ளே ரத்தம் ஓடும். கொம்பு முற்றியதும் அந்தத் தோல் காய்ந்து கிழிந்து நாராகத் தொங்கும். மானே மரத்தில் உரசி உரித்துக்கொள்ளும். மயிலின் தோகையைப் பிடுங்கி விற்றுவிட்டார்கள் என்றார் இன்னொருவர். இனப்பெருக்கக் காலம் முடிந்தால் தோகை தானாக உதிரும், சில மாதங்களில் மறுபடி வளரும். இதைச் சொன்னவர் யார் தெரியுமா? ராசிபுரம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். அவர் கடலைக்காட்டில் தினம் இருபது மயில் மேய்கிறது. உதிர்ந்த இறகைப் பொறுக்கி அவர் பேரனே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறான். தோட்டத்தில் அது இயற்கை, பூங்காவில் அது திருட்டு!

மலைப்பாம்பின் கண் வெளுத்துவிட்டது, குருடாக்கிவிட்டார்கள் என்பது ஒன்று. சட்டை உரிக்கப்போகும் பாம்புக்குக் கண் அப்படித்தான் பால்போல மங்கும். முதலை வாயைப் பிளந்துகொண்டு மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது, செத்துவிட்டது, அல்லது பொம்மை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்பது இன்னொன்று. வாயைத் திறந்து வைத்துத் தலைச்சூட்டைத் தணித்துக்கொள்வது முதலையின் வழக்கம். அது பொம்மையா என்று பார்க்கக் கல் எறிகிறவர்களை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். எறிந்தவன் சின்னப் பையன் இல்லை, அவன் அப்பா. சிங்கத்துக்கு இன்றைக்குச் சாப்பாடே வைக்கவில்லை என்று மூக்கைச் சிந்துபவர்கள், பல பூங்காக்களில் ஊன் உண்ணிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே உணவு கொடுப்பதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் வயிறு அப்படிப் படைக்கப்பட்டது. நீங்கள் சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் இருக்கவில்லையா!

இதெல்லாம் தெரியாதது குற்றமில்லை. எனக்கே பாதி இந்த வாரம்தான் தெரிந்தது. தெரியாததை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைத் திருடன் என்றது குற்றம்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. நாம் ஒன்றும் விலங்கு பார்க்கத் தெரியாத ஊர்க்காரர்கள் இல்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்தவர்கள். மாடு அசைபோடவில்லை என்றால் இருட்டிலும் எழுந்து போய்ப் பார்ப்பவர்கள். மூக்கு காய்ந்திருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா, சாணி இளகியிருக்கிறதா, காது தொங்குகிறதா என்று பார்த்துத்தான் பேசுவோம். மேச்சேரி ஆட்டைச் சந்தையில் வாங்கும்போது கால் மணி நேரம் நடக்கவிட்டுப் பார்க்காமல் யாராவது காசை எடுப்பார்களா? என் கொழுந்தனார் நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். விடியற்காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் பேசமாட்டார், காது கொடுத்து நிற்பார். கோழிகளின் சத்தம் எப்படி இருக்கிறது, எச்சம் எப்படி, தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது, தீவனம் மிச்சமா, நேற்றைக்கு முட்டை எத்தனை. இவ்வளவும் பார்த்த பிறகுதான் டாக்டருக்குப் போன் போவது. அதே மனிதர் அந்த வீடியோவின் கீழே இரண்டு அழும் முகம் போட்டிருக்கிறார், வீடியோவை முழுசாகப் பார்க்காமலே. (கொழுந்தனாரே, கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபம் வந்தால், உங்கள் கூண்டில் ஒரு பெட்டைக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளைவிடச் சிறியது என்பதையும் நான் எழுத வேண்டியிருக்கும்.)

கட்டுத்தறியில் இருக்கும் கண் நுழைவுச்சீட்டு வாங்கியதும் எங்கே போகிறது?

சரி, இப்போது என் கணக்குக்கு வருகிறேன். உங்களைத் திட்டிவிட்டு நான் தப்பிக்கக் கூடாது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம் உங்களில் சிலரைச் சுற்றுலா அழைத்துப் போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம், அந்த இடம் இப்போது இல்லை. கம்பிக் கூண்டு, சிமெண்ட் தரை, உள்ளே ஒரு சிறுத்தை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு. திரும்புகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் தலையை ஒரே மாதிரி ஒரு வெட்டு வெட்டித் திரும்பும். கால் பதிகிற இடம்கூட மாறாது. சிமெண்ட்டில் தடமே விழுந்திருந்தது. யாரோ ஒரு பையன் கேட்டான், “டீச்சர், அது ஏன் இப்படியே நடக்குது?” நான் சொன்னேன்: “சாப்பிட்டது செரிக்க வாக்கிங் போகுதுடா.” நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்குக் குழந்தை மனம் சொல்லிக்கொடுத்தார்கள், விலங்கின் மனம் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அது சாக்கு. ஒரே தடத்தில், ஒரே தலைவெட்டோடு, நிற்காமல் நடக்கும் ஒரு பிராணியைப் பார்த்தால் ஏதோ சரியில்லை என்று தெரியப் பட்டயம் வேண்டியதில்லை.

அந்த நடைதான் நிஜமான புண். அடைபட்ட விலங்கு, செய்ய வேறொன்றும் இல்லாமல், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கும். 2003-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரு பெண்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பூங்காக்களில் உள்ள பலவகை ஊன் உண்ணிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காட்டில் எந்த இனம் அதிகத் தூரம் சுற்றுகிறதோ, அந்த இனம்தான் அடைப்புக்குள் அதிகமாக இப்படி நடக்கிறது, அதன் குட்டிகள்தான் அதிகமாகச் சாகின்றன என்று கண்டார்கள். பனிக்கரடிக்குப் பூங்காவில் கொடுக்கும் இடம், காட்டில் அதற்கு வேண்டிய குறைந்தபட்ச இடத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று அதில் ஒரு கணக்கு. சோளக்காட்டில் ஒரு மணியை வைத்துவிட்டு இதுதான் உன் காடு என்று சொன்ன மாதிரி.

இப்போது உங்கள் போனைத் திறந்து பாருங்கள். கடமான் கழுத்துக்கு அழுகிற வீடியோ இருக்கும். இப்படி நடக்கிற விலங்குக்கு அழுகிற வீடியோ இருக்கிறதா? அது இருக்கும், ஆனால் சினிமாப் பாட்டு சேர்த்து, ‘தலைவர் நடை’ என்று பெயர் வைத்து. நாட்டுக் குரங்கு பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்கிறோம். அது பயந்து பணிந்து போகிறது. நாம் பதிலுக்கு முறைத்து வாயைத் திறந்து காட்டுகிறோம், அது அதன் மொழியில் சண்டைக்கு அழைப்பு. வலி இல்லாத இடத்தில் அழுகிறோம், வலி இருக்கும் இடத்தில் சிரிக்கிறோம். இரண்டுக்கும் லைக் விழுகிறது.

சேலத்துக்காரர்கள் ராஜேஸ்வரியை மறந்திருக்க மாட்டீர்கள். சுகவனேஸ்வரர் கோயில் யானை. நான் எத்தனை தடவை அதற்கு வாழைப்பழம் கொடுத்திருப்பேன், எத்தனை தடவை என் பிள்ளைகளிடம், “பாரு, நாதஸ்வரத்துக்கு ஆடுது” என்று சொல்லியிருப்பேன். கட்டிப்போட்ட யானை இப்படி அசைவதும் அந்தச் சிறுத்தையின் நடையும் ஒன்றுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. 2018-ல் அது எழ முடியாமல் கிடந்தபோது, கருணைக்கொலைக்கு உயர் நீதிமன்றம் வழிவிட்டு, அது நடப்பதற்கு முன்பே ஏப்ரலில் தானாகவே உயிர் விட்டது. ஊரே அழுதது. நானும்தான். அசைந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒருத்தரும் அழவில்லை.

அடுத்து, ‘காலிக் கூண்டு’ புகார். குழுவில் அதுவும் வந்தது. “அம்பது ரூபா டிக்கெட், பாதிக் கூண்டு காலி, காசத் திருப்பிக் குடுங்க” என்று. குரும்பப்பட்டிக்குப் போனவர்களும் இதையே சொல்கிறார்கள், வண்டலூர் போனவர்களும் இதையே சொல்கிறார்கள்.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும், அப்பா சென்னைக்கு அழைத்துப் போனார். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம், மூர் மார்க்கெட்டை ஒட்டி அன்றைக்கு விலங்குக் காட்சிசாலை இருந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் இதை உயிர் காலேஜ் என்றும் சொல்வார்கள். 1855-ல் எட்வர்டு பால்ஃபர் என்பவர் அருங்காட்சியகத்திலேயே தொடங்கியது, பிறகு இங்கே வந்தது. வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். எந்த விலங்கும் ஒளிய முடியாது. அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வடை சாப்பிடப் போனோம். பார்ப்பவனுக்கு அதைவிட வசதியான இடம் இருக்க முடியாது. அந்தக் காட்சிசாலைதான் 1985-ல் வண்டலூருக்குப் போனது. அறுநூறு ஹெக்டேர் காடு, கம்பிக்குப் பதில் அகழி. 1907-லேயே ஜெர்மனியில் ஹாகன்பெக் என்பவர் இப்படி அகழி வெட்டிக் கம்பியை எடுத்துக் காட்டியிருந்தார். நமக்கு வர எழுபத்தெட்டு வருஷம் ஆயிற்று. வந்ததும் நாம் சொன்னது என்ன? “ஒண்ணுமே தெரியல, வெறும் செடிதான் இருக்கு.”

சுவிட்சர்லாந்தில் ஹெய்னி ஹெடிகர் என்று ஒருவர் இருந்தார். பூங்கா இயக்குநர். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தூரம் உண்டு, அந்தத் தூரத்துக்குள் மனிதன் வந்தால் அது ஓடும், அடைத்து வைத்தாலும் அந்தத் தூரத்துக்கு விலகிப் போக அதற்கு இடம் வேண்டும் என்று சொன்னவர். ஓட வழி இல்லாவிட்டால் ஒளியவாவது ஒரு மறைவு வேண்டும். ஒரு புதர், ஒரு பாறைப் பொந்து, பின்னால் ஒரு இருட்டறை. நீங்கள் காலி என்று வீடியோ எடுத்த அடைப்புக்குப் பின்னால் பெரும்பாலும் அந்த இருட்டறையில்தான் அது படுத்திருக்கும். அல்லது ஒன்றை விட்டு ஒன்றாக வெளியே விடுகிற முறையில் அன்று அதன் முறை இல்லாமல் இருக்கும். அல்லது வயதாகி, நம்மைப் போலவே, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் இருக்கும். மாமியார் வீட்டில் புது மருமகளுக்குக் கதவுள்ள ஓர் அறை கூடக் கொடுக்காமல் வருகிற உறவுகள் எல்லாம் வந்து பார்த்துப்போன காலத்தில் கல்யாணம் ஆனவள் நான். ஒளிய இடம் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே என் கட்சி இதுதான். ஒரு அடைப்பின் முன்னால் நின்று விலங்கு தெரியவில்லை என்றால், அதைக் குறையாக எழுதாதீர்கள். தெரியாமல் இருக்க அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த அடைப்பைப் பற்றி வெளியே நிற்பவர்களால் சொல்ல முடிந்த மிக நல்ல செய்தி. எந்நேரமும் நாலு பக்கமும் தெரிகிற விலங்கைப் பார்த்தால்தான் கவலைப்பட வேண்டும். இதில் பூங்காக்காரர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. ‘விலங்கு உள்ளே ஓய்வில் இருக்கிறது’ என்று ஒரு பலகை, ‘கடமானின் கழுத்தில் தெரிவது புண் அல்ல’ என்று ஒரு பலகை தமிழில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? பெயர்ப் பலகையில் லத்தீன் பெயர் இருக்கிறது, வருகிறவன் கேட்கிற கேள்விக்குப் பதில் இல்லை.

“வீடியோ போட்டாத்தானே டீச்சர் கேக்கறாங்க?” என்று ஒருவன் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறான். நியாயமான கேள்வி. கேட்கத்தான் வேண்டும். 1991-ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி, 1992-ல் மத்திய விலங்குக் காட்சிசாலை ஆணையம் வந்ததே, கண்ட கண்ட இடத்தில் கூண்டு கட்டி விலங்கை வதைக்கக் கூடாது என்பதற்காகத்தான். அந்த ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் இன்று எந்தக் காட்சிசாலையும் நடத்த முடியாது. புகார் சொல்லவும் இடம் இருக்கிறது. ஆனால் புகார் என்றால் என்னிக்கு, எத்தனை மணிக்கு, எந்த அடைப்பு, எவ்வளவு நேரம் நின்று பார்த்தாய், அது எத்தனை தடவை அப்படிச் செய்தது என்று எழுது. விண்ணப்பக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே! நாற்பது வினாடியும் சோகப் பாட்டும் புகார் ஆகாது. அதே சட்டத்தில் 38-ஜே என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதையும் படி. காட்சிசாலை விலங்கைச் சீண்டக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது, குப்பை போடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை. அந்தக் கடமான் வீடியோவின் இருபதாவது வினாடியில், “ஏய், இங்க பாரு, இங்க பாரு” என்று கூவிக்கொண்டு ஒரு கை வேலிக்குள் சிப்ஸ் பொட்டலத்தை நீட்டுகிறதே, அது யார் கை? அறுபது பேரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

கூண்டே வேண்டாம், எல்லாவற்றையும் காட்டில் விடுங்கள் என்று எழுதியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கும் சில சமயம் அப்படித்தான் தோன்றுகிறது, அந்தச் சிறுத்தை நினைவுக்கு வரும்போதெல்லாம். ஆனால் குட்டியிலிருந்து மனிதன் கையில் தின்று வளர்ந்ததைக் காட்டில் விட்டால் அது நேராக ஊருக்குள்தான் வரும். வந்தால் அதற்கும் ஒரு வீடியோ எடுப்பீர்கள். இன்று உள்ளே இருக்கிற உயிர் இன்று நன்றாக இருக்க வேண்டும். அதற்கு இடம் வேண்டும், மறைவு வேண்டும், செய்ய ஏதாவது வேலை வேண்டும், சரியாகப் பார்க்கத் தெரிந்த காப்பாளர் வேண்டும். அந்தக் கடைசி ஆளைத்தான் நீங்கள் போன ஞாயிற்றுக்கிழமை விரட்டினீர்கள்.

வீடியோ போட்டவன் நல்ல பையன் என்று எனக்குத் தெரியும். இளகிய மனசு. ஐந்தாம் வகுப்பில் வாலறுந்த ஓணானுக்காக அழுதவன். கண்ணு, அதை எடுத்துவிடு. எடுத்ததோடு நிற்காமல், தெரியாமல் போட்டேன் என்று அதே குழுவில் இரண்டு வரி எழுது. வெளியே போனவனை மறுபடி சேர்க்கச் சொல்லி அட்மினிடம் சொல்லியிருக்கிறேன். அழைப்பு அனுப்பியாயிற்றாம், அவன் இன்னும் சேரவில்லை. கைதட்டிய ஒன்பது பேரும் அவனுக்குத் தனித்தனியாகப் போன் செய்யுங்கள். குழுவில் ‘சாரி’ போட்டுவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை நான் குரும்பப்பட்டி போகிறேன். ஏற்காடு மலை அடிவாரம், 1981-லிருந்து வனத்துறை நடத்தும் பூங்கா. உங்களில் பாதிப்பேரை நான்தான் முதல்முதலாக அங்கே அழைத்துப் போனேன், வரிசையாக நிற்கவைத்து, ஒரு அடைப்புக்கு ஒரு நிமிடம் என்று விரட்டி விரட்டி. இந்த முறை ஒரே ஒரு அடைப்புத்தான். கடமான் முன்னால் ஒரு மணி நேரம், போனைப் பையில் போட்டுவிட்டு, நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு. வருகிறவர்கள் வரலாம், பேரப்பிள்ளைகளையும் கூட்டி வரலாம். எனக்கு முழங்கால் வலி, நீண்ட நேரம் நிற்க முடியாது, மடக்கு நாற்காலி வைத்திருப்பவர்கள் ஒன்று கொண்டுவாருங்கள். சேலத்திலிருந்து எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு என்று சரியாகத் தெரிந்தவர்கள் மட்டும் கீழே எழுதுங்கள்.

உங்கள் டீச்சர்